பிசைவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் இருக்கிற உயர்தர இந்திய உணவகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு தயிர் உருண்டை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருஷம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தோம். எங்கள் கல்யாண நாளுக்கு அவள் ஓர் உணவகத்தில் மேசை பதிவு செய்திருந்தாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். மெனுவில் நாம் தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. சமையல்காரர் தீர்மானித்த பத்துத் தட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆளுக்கு 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. அந்தக் குறிகளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். முதல் குறி பத்து சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது, அதையும் சேர்த்த தொகைக்கு ஒன்பது சதவீத வரி. கூட்டிப் பார்த்தால் 359 வெள்ளி 70 காசு. நம் பணத்தில் இருபத்து மூவாயிரத்துக்கு மேல். மகள் எதிரிலேயே கணக்குப் போட்டேன், முறைத்தாள்.

நான் ஹோட்டல் சமையலறையில் முப்பது வருஷம் வெந்தவன். அதனால் தட்டு வந்தால் சாப்பிடுவதற்கு முன்னால் அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்றுதான் கண் போகும். முதலில் ஒரு சின்னக் கரண்டி வந்தது. அதில் முட்டையின் மஞ்சள் கரு அளவுக்கு, பளபளவென்று ஒரு வெள்ளை உருண்டை. மேலே ஒரு சொட்டு புளிச் சட்னி. வாயில் போட்டதும் பட்டென்று உடைந்தது. உள்ளே சீரகப் பொடியும் கறுப்பு உப்பும் போட்ட தயிர். அவ்வளவுதான், போய்விட்டது. "என்னங்க, இதுக்கு ஒரு தயிர்வடை குடுத்திருக்கலாமே" என்றாள் மனைவி.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கடற்பாசியிலிருந்து சோடியம் ஆல்ஜினேட் என்று ஒரு மாவு எடுக்கிறார்கள். அதைக் கரைத்த தண்ணீரில் தயிரைக் கரண்டியால் மெதுவாக இறக்கினால், தயிரில் இருக்கிற கால்சியத்தோடு அது சேர்ந்து மேலே மெல்லிய தோல் கட்டும். ஸ்பெயினின் எல்புல்லி உணவகத்தால் உலகம் முழுக்கப் பரவிய வித்தை. அதை நம் தயிருக்குப் பொருத்திப் பேர் வாங்கியவர் கொல்கத்தாக்காரரான ககன் ஆனந்த். அவர் 2010இல் பாங்காக்கில் திறந்த கடை 2015 முதல் 2018 வரை நான்கு வருஷம் தொடர்ந்து ஆசியாவின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதற்கப்புறம் இந்த மாதிரிக் கடைகளில் ஏதாவது ஓர் உருண்டை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்திய உணவு இந்த இடத்துக்கு வரப் பட்ட பாடும் கொஞ்சமில்லை. லண்டனில் வீராசாமி உணவகம் திறந்தது 1926இல். பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைக்க வேண்டாம், தொடங்கியவர் எட்வர்ட் பால்மர். அங்கிருந்து கிட்டத்தட்ட எழுபத்தைந்து வருஷம் கழித்து, 2001இல்தான் இந்திய உணவகங்களுக்கு முதன்முதலாக மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. மிஷலின் என்பது பிரெஞ்சுக்காரர்களின் உணவக வழிகாட்டி, நல்ல கடைகளுக்கு ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை கொடுக்கும். டாமரிண்ட், ஜைக்கா, இரண்டுமே லண்டன் கடைகள். மூன்று நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய உணவகம் துபாயில் இருக்கிற ட்ரெசிண்ட் ஸ்டுடியோ, அது 2025இல். சிங்கப்பூரிலேயே பினாங்கில் பிறந்த மனோ தேவர் நடத்தும் 'தேவர்' இரண்டு நட்சத்திரக் கடை.

சரி, எங்கள் மேசைக்கு வருகிறேன். நாலாவது தட்டில் ரசம் வந்தது. ஒரு மடக்குதான், கண்ணாடிக் குவளையில், தெளிவாக, சுடச்சுட. குறை சொல்லவே முடியாத ரசம். அன்றைக்கு இடித்த மிளகு என்று வாசனையே சொன்னது. ஆனால் குடித்துவிட்டு என் வலது கை சும்மா மேசைமேல் கிடந்தது. அதற்கு ஒரு வாய் சோறு வேண்டியிருந்தது.

வரிசையாகப் பரிமாறுவது நமக்குப் புதிது என்று நான் சொல்ல மாட்டேன். நம் இலையிலும் வரிசை உண்டு: சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், பாயசம், மோர். பிரெஞ்சுக்காரர்கள்தான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் மேசையில் மொத்தமாகப் பரப்பி வைத்தார்கள். தட்டுத் தட்டாகக் கொண்டுவருவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பழக்கத்தைப் பார்த்து வந்தது. அதனால் வரிசை பிரச்சினையே இல்லை. நம் இலையில் சமையல் பாதிதான் முடிந்திருக்கும். எவ்வளவு குழம்பு, எந்த வாய்க்குப் பொரியல், எப்போது அப்பளத்தை நொறுக்குவது, இதையெல்லாம் முடிவு செய்வது சாப்பிடுகிறவர் கை. இந்த உணவகங்களில் அதையும் சமையல்காரரே செய்து முடித்து, ஒரு வாயாக உருட்டிக் கொடுத்துவிடுகிறார். குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி. நன்றாகத்தான் ஊட்டுகிறார். எனக்குத்தான் அந்த வயசு தாண்டிவிட்டது.

கடையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது என்றேனே, இப்போது அது. மனைவி சுத்த சைவம். பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தோம். ஆறாவது தட்டில் அவளுக்கு மாம்பழக் கூழ் ஒன்று, கட்டியாக. தட்டை வைக்கும்போதே அது தளதளவென்று ஆடியது. எனக்குச் சந்தேகம். கடற்பாசியில் எடுக்கிற அகர் அகர் போட்டது அப்படி ஆடாது. கரண்டி வைத்தால் வெடுக்கென்று முறியும், நாக்கில் கரையாது. ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தேன், வாய்ச் சூட்டிலேயே உருகிவிட்டது. ஜெலட்டின், எலும்பிலும் தோலிலும் காய்ச்சுவது. பரிமாறிய பையன் உள்ளே ஓடினான். தட்டு மாறிவிட்டது என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பத்து நிமிஷத்தில் வேறு கொண்டுவந்தார்கள். அவள் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் ஒவ்வொரு தட்டையும் முதலில் என் பக்கம் நகர்த்தினாள்.

நியூயார்க்கில் 'செம்ம' என்று ஓர் உணவகம் இருக்கிறது. நான் போனதில்லை. அதன் சமையல்காரர் விஜயகுமார் நத்தம் பக்கத்துக்காரர். சின்ன வயசில் வயல் நத்தை பிடித்துச் சாப்பிட்டதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர், கேட்டரிங் படிக்கப் போன இடத்தில்தான் பிரெஞ்சுக்காரர்கள் அதையே பெருமையாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டாராம். அந்த நத்தைப் பிரட்டலைக் கல்தோசையோடு அங்கே தருகிறார். 2022இல் மிஷலின் நட்சத்திரம். 2025இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது, அமெரிக்கச் சமையல் உலகத்தின் பெரிய விருது அது, அதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். பிரட்டலைப் பிரட்டலாகவே விட்டிருக்கிறார், தோசையைப் பிய்த்துத் தொட்டுக்கொள்ளும் வேலையை நமக்கு வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைசியில் எங்கள் மேசைக்குத் தலைமைச் சமையல்காரரே வந்தார். முப்பது வயசுகூட இருக்காது, பேச்சில் ராமநாதபுரம் தெரிந்தது. ஜெலட்டினுக்கு மறுபடி மன்னிப்புக் கேட்டார். நான் தொழில்காரன் என்று சொன்னதும் முகம் மாறி, பக்கத்தில் குனிந்து நின்று பேசினார்.

"நீங்கள்லாம் எப்பப்பா சாப்பிடுவீங்க?" என்றேன்.

"மணி பன்னெண்டு ஆகும் சார். இன்னைக்கு நேத்து வச்ச மீன்குழம்பு, சோறு, அப்பளம். ஒரே தாம்பாளத்துல கொட்டி, ஆறு பேரும் சுத்தி உக்காந்து பெசஞ்சு சாப்பிட்டுருவோம்."

"அதுக்கு எத்தனை வெள்ளி தம்பி?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்கு புக்கிங் எடுக்கிறது இல்லம்மா" என்றார்.