சார்ஜென்ட்டுக்கு லண்டன் இருந்துச்சு, இவங்களுக்கு?

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். ஓவியர் சார்ஜென்ட் வரைஞ்ச 'மேடம் எக்ஸ்' படத்தால அதிகம் இழந்தது வரைஞ்சவரா, அதுக்கு நின்ன பொண்ணான்னு தலைப்பு, எதிரணி அண்ணன் இப்பதான் சார்ஜென்ட் பாவம், பாரிஸை விட்டே போக வேண்டியதாச்சுன்னு கண்ணு கலங்கிட்டு உக்காந்தாரு. எங்க போனாருன்னு சொல்லலையே அண்ணே? லண்டன் போயி, கொஞ்ச வருஷத்துல பெரிய வீட்டு ஆளுங்கெல்லாம் என்ன வரைங்க என்ன வரைங்கன்னு க்யூ கட்டுற அளவுக்கு வந்துட்டாரு. இதுக்குப் பேரு இழப்புன்னா எனக்கும் ஒண்ணு குடுங்க.

இந்தப் படத்தை யாரும் ஆர்டர் குடுத்து வரையச் சொல்லல. விர்ஜினி அமெலி கோத்ரோ, நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்து பாரிஸ்ல ஒரு பேங்கரைக் கட்டிக்கிட்டவங்க, ஊரே திரும்பிப் பாத்த அழகி. உங்கள வரையணும்னு பிரண்டு மூலமா தூது விட்டது சார்ஜென்ட்தான். 1883-ல அவங்க கிராமத்து வீட்டுக்கே போயி ஸ்கெட்ச் மேல ஸ்கெட்ச்சா போட்டுட்டு, அந்தம்மா சோம்பேறின்னு லெட்டர்ல அலுப்பு வேற! அசையாம நின்னு பாருங்க, தெரியும்.

1884 சலோன்ல படத்த மாட்டுனாங்க. சலூன் இல்லீங்க, சலோன், பாரிஸ்ல அப்ப நடந்த பெரிய ஓவியக் கண்காட்சி. கருப்பு கவுன், வெளுத்த தோளு, வலது பக்க ஸ்ட்ராப் நழுவிக் கெடக்கு. அவ்ளோதான், கூட்டம் சிரிக்குது, பேப்பர்ல கிழிக்கிறான், அவங்க அம்மா அழுதுகிட்டே வந்து படத்த எறக்குங்கன்னு கேக்குறாங்க, இவரு மாட்டேன்னுட்டாரு, இருந்தத இருந்தபடி வரைஞ்சேன்னாரு. சரி, அப்புறம் அதே ஸ்ட்ராப்பை தோளுக்கு மேல ஏத்தி வரைஞ்சது யாருங்க? இவரேதான்! எல்லாம் முடிஞ்சப்புறம்.

எதிரணி தங்கச்சி 1891-ல கூர்த்வான்னு இன்னொரு ஓவியர் அவங்கள வரைஞ்ச படத்தக் காட்டுனாங்க, வெள்ள கவுன், அதுலயும் ஸ்ட்ராப் நழுவித்தான் இருக்கு, அந்தம்மா ஒண்ணும் முடங்கிப் போகலைன்னு. நல்ல பாயிண்ட், ஒத்துக்கிறேன். ஆனா இந்த அரங்கத்துல அந்தப் படத்த முன்னாடியே பாத்தவங்க கை தூக்குங்க பாப்போம்? ம்ம். என்னை இப்படிப் பாருங்கன்னு அவங்களே வந்து நின்ன படம் அது, அத யாரும் பாக்கல.

'மேடம் எக்ஸ்' படத்த சார்ஜென்ட் முப்பது வருஷத்துக்கு மேல தன்கிட்டயே வச்சிருந்துட்டு 1916-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு 1000 பவுண்டுக்கு வித்தாரு, நான் செஞ்சதுலயே இதுதான் பெஸ்ட்டா இருக்கும்னு எழுதுனாரு, கூடவே அந்தம்மா பேரைப் போடாதீங்கன்னும் கேட்டுக்கிட்டாரு. அவங்க 1915-லயே போய்ச் சேந்துட்டாங்க, வேணும் வேணாம்னு சொல்ல ஆள் இல்ல. படத்துல நிக்கிறவங்க பேரு எக்ஸ், வரைஞ்சவரு பேரு ஜான் சிங்கர் சார்ஜென்ட்னு முழுசா இருக்கு, நீங்களே பாத்துச் சொல்லுங்கய்யா.