யூதப் பள்ளிகளும் பெற்றோர் மனமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் யூத சமூகம் நடத்தும் முழுநேரப் பள்ளிகளை ‘டே ஸ்கூல்’ என்கிறார்கள். கணிதம், அறிவியலோடு எபிரேய மொழியும், யூதர்களின் புனித நூலான தோராவும் அங்கே தினசரிப் பாடம். 2018-19ஆம் ஆண்டில் அவி ஹாய் அறக்கட்டளை எடுத்த கணக்குப்படி, 906 பள்ளிகளில் ஏறத்தாழ 2,92,000 பிள்ளைகள் படித்தார்கள்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் வைதீக யூத வீட்டுப் பிள்ளைகள், அதாவது யூத மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ‘ஆர்த்தடாக்ஸ்’ குடும்பத்தினர். அந்த வீடுகளில் எந்த யூதப் பள்ளி என்று பேசுவார்களே தவிர, யூதப் பள்ளி தேவையா என்ற கேள்வி எழுவதில்லை. மற்ற யூதக் குடும்பங்கள்தான் நின்று யோசிக்கின்றன.

கட்டணம் பெரிய சுமை என்பதில் சந்தேகமில்லை. பல பள்ளிகளில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். மூன்று பிள்ளைகள் என்றால் நினைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே அரசுப் பள்ளி, கட்டணமே கிடையாது. ஆனாலும் பணத்துக்குப் பின்னால் வேறு கவலைகளும் இருக்கின்றன. பாதி நாள் எபிரேயத்துக்குப் போனால் கணக்கில் பின்தங்கிவிடுவானோ? யூதப் பிள்ளைகளோடு மட்டுமே வளர்ந்தால் வெளியுலகம் பழகுமா? படிப்பில் நம்பிக்கை வந்துவிட்டால், கல்வி உதவித்தொகை கேட்டாவது சேர்க்கிற பெற்றோர் உண்டு.

அந்த நம்பிக்கை பள்ளியின் வண்ணக் கையேட்டைப் பார்த்து வருவதில்லை. சனிக்கிழமை காலை ஜெப ஆலய வழிபாடு முடிந்ததும், சிறு கோப்பையில் திராட்சை ரசமும் தட்டில் கேக்குமாக எல்லோரும் நின்று பேசுவார்கள். “உங்கள் பெண்ணுக்கு இந்த ஆண்டு கணக்கு டீச்சர் எப்படி?” என்று ஒரு தாய் கேட்பார். பதில் சொல்பவர் ஒரு கணம் தயங்கினாலே போதும், கேட்டவர் வேறு பள்ளி பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கருத்து மாறினால் சேர்க்கையும் மாறும் என்பதை 2020 காட்டியது. கொரோனா காலத்தில் பல அரசுப் பள்ளிகள் இணையவழியிலேயே நடந்தபோது, யூதப் பள்ளிகள் பல வகுப்பறையைத் திறந்தன. அதுவரை எட்டிப் பார்க்காத பெற்றோரும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். கட்டணம் குறைந்ததால் வந்தவர்கள் அல்ல அவர்கள். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, பிள்ளையின் பாதுகாப்பை நினைத்து விசாரித்தவர்கள் பலர்.

இப்படி அவசரத்தில் வந்தவர்களைத் தக்கவைப்பதுதான் கடினம். தொடக்கப் பள்ளி முடியும்போதும், எட்டாம் வகுப்பு முடியும்போதும் பிள்ளைகள் விலகுவது வழக்கம். ஏன் வந்தீர்கள் என்று கேட்கும் நிர்வாகங்கள், ஏன் போகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். விலகும் பெற்றோரை முதல்வரே நேரில் அழைத்து, பொறுமையாகக் கேட்கட்டும். நாளை ஜெப ஆலய வாசலில் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசப்போவது அவர்களும்தான்.

நன்றி, வணக்கம்.