ஜூலை 14, ஜூலை 30: புதுச்சேரியில ஒரே மாசத்துல ரெண்டு அஞ்சலி

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஜூலை 14, பிரான்சோட தேசிய தினம். புதுச்சேரி பீச் ரோட்டுல, பிரெஞ்சு போர் நினைவுச்சின்னம் முன்னாடி நின்னு பேசிட்டிருக்கேன். அஞ்சலி இப்பதான் முடிஞ்சது. பின்னாடி அந்தச் சிப்பாய் சிலை தெரியுதா? தலையைக் குனிஞ்சு, துப்பாக்கியைத் தலைகீழா பிடிச்சிட்டு நிக்கறாரே, அவர்தான். முதல் உலகப் போர்ல செத்துப்போன நம்ம ஊர்ப் பசங்களுக்காக 1938-ல கட்டினது இது.

மலர்வளையம் வச்சாங்க, ரெண்டு நாட்டு தேசிய கீதமும் பாடினாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர். கோட்டு போட்டு, மெடல் எல்லாம் குத்திட்டு வந்திருந்தார். பிரெஞ்சு தேசிய கீதம் லா மார்செயேஸ் ஆரம்பிச்சதும் கையை நெத்திக்குக் கொண்டு போனார். கை நடுங்குது. பாட்டு முடியற வரைக்கும் இறக்கவே இல்ல.

இவங்கள எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். பிரெஞ்சு ராணுவத்துல சேந்து இந்தோசீனா, அல்ஜீரியான்னு போய்ச் சண்டை போட்டவங்க. எங்க தெருவுலயே ஒரு சொல்தா வீடு இருக்கு. அவர் போய் பல வருஷம் ஆச்சு, அந்தம்மாவுக்கு இன்னமும் பிரான்சுல இருந்து பென்ஷன் வருது.

போன வருஷ வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: "நம்மள ஆண்ட பிரெஞ்சுக்காரன் கொண்டாட்டத்த நீங்க ஏன் கொண்டாடறீங்க?" நியாயமான கேள்வி. ஒரு வருஷமா மனசுல ஓடிட்டே இருக்கு. அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ. பதில் இன்னிக்குத் தேதியில இல்ல, இதே மாசம் 30-ஆம் தேதியில இருக்கு.

1936, ஜூலை 30. அப்ப இங்க மூணு பெரிய மில்லு: சவானா, ரோடியர், கெப்ளே. காலைல இருட்டோட உள்ள போனா ராத்திரிதான் வெளிய வரணும். எட்டு மணி நேர வேலை கேட்டாங்க, சங்கம் வச்சிக்க உரிமை கேட்டாங்க. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னாடி நின்னார். வேலைநிறுத்தம் பண்ணவங்க மேல சவானா மில்லுல துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்துப்போனாங்க.

எங்க தாத்தாவோட அப்பா அந்த மில்லுலதான் வேலை பாத்தார். தாத்தாவுக்கு அப்ப ஏழு வயசு. "சங்கு ஊதற நேரம் தாண்டியும் அப்பா வரல. அம்மா கஞ்சிச் சட்டிய மூடி வச்சிட்டு, வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. யாரு நடந்து வந்தாலும் எழுந்திரிப்பாங்க, திரும்ப உக்காருவாங்க"ன்னு சொல்லுவார். நடுராத்திரி அவர் வந்துட்டார். சட்டையில ரத்தம் இருந்துச்சாம், அவரோடது இல்ல. கூட வேலை செஞ்ச ஆளைத் தூக்கிட்டு வந்ததுல பட்டது. தாத்தா இதை எத்தனை தடவை சொன்னாலும் அந்த இடத்துல கொஞ்ச நேரம் பேசாம இருப்பார்.

இப்ப இதைக் கவனிங்க. அதே 1936 ஜூன்லதான் பிரான்சுல லியோன் புளூம் தலைமையில மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. அங்க தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணி, வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோட லீவுன்னு வாங்கிட்டாங்க. ஒரே அரசாங்கம், ஒரே கொடி. பாரீஸ்ல கேட்டவனுக்குச் சட்டம் வந்தது. சவானாவுல கேட்டவனுக்குக் குண்டு வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்னு அவங்க எழுதி வச்சதைத்தானே இவங்க திரும்பக் கேட்டாங்க?

ஆனா அந்த 12 பேர் உசுரு வீணாப் போகல. 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. ஆசியாவுலயே இதுதான் முதல்னு சங்கத்துக்காரங்க இன்னிக்கும் பெருமையா சொல்லுவாங்க.

அப்புறம் நடந்தது உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1954 அக்டோபர் 18, கீழூர்ல மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினாங்க, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு ஓட்டுப் போட்டாங்க. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறுச்சு. சட்டப்படி முழுசா முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு, அல்ஜீரியப் போர் முடிஞ்ச பிறகுதான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதலே குடுத்தது. அப்ப யாருக்கு பிரெஞ்சுக் குடியுரிமை வேணுமோ எழுதிக் குடுக்கலாம்னு ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. ஒரே வீட்டுல அண்ணன் எழுதிக் குடுத்திருப்பார், தம்பி குடுத்திருக்க மாட்டார். இன்னிக்கு அண்ணன் பேரப்பசங்க பாரீஸ்ல, தம்பி பேரப்பசங்க முத்தியால்பேட்டையில. பொங்கலுக்கு வீடியோ கால்ல பேசிக்கறாங்க. இந்த உறவை அறுத்துப் போடுன்னு யாரு, யார்கிட்ட போய்ச் சொல்றது?

அதனால இந்த 14-ஆம் தேதி எனக்குக் கசக்கல. அந்தப் பெரியவர் கை நடுங்கினதப் பாத்து எனக்கும் தொண்டை அடைச்சது. எனக்கு வருத்தம் வேற. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட ஜூலை 30-ன்னு ஒருத்தரும் சொல்லல. ஊர் சுத்திக் காட்டறவங்க ஒயிட் டவுன் மஞ்சச் சுவரு, போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி எல்லாம் காட்டறாங்க, மில்லு பக்கம் கூட்டிட்டுப் போறதில்ல. மில்லு எல்லாம் மூடியாச்சு, சங்குச் சத்தமும் நின்னுபோச்சு. இன்னிக்கு இங்க லைட்டு போட்டு அலங்காரம் பண்ற மாதிரி அங்கயும் பண்ணணும். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துல இருந்தும் வந்து அங்க ஒரு மலர்வளையம் வைக்கணும்னு ஆசைப்படறேன். கோவத்துல சொல்லல, உறவு இருக்கறதாலதான் கேக்கறேன்.

30-ஆம் தேதி காலைல நான் சவானா மில்லு பக்கம் போறேன். உங்க வீட்டுல இந்த மூணு மில்லுல எதுலயாவது வேலை பாத்த தாத்தா, பாட்டி, அப்பா யாராவது இருந்தா, அவங்க பேரு, எந்த மில்லு, என்ன வேலைன்னு கமெண்ட்ல எழுதுங்க. எழுதிட்டுப் போய் அங்க நின்னு ஒவ்வொரு பேரா வாசிக்கறேன். எங்க கொள்ளுத்தாத்தா தூக்கிட்டு வந்தாரே, அந்த ஆளோட பேரு தாத்தாவுக்குத் தெரியல. அவர் வீட்டுக்காரங்க யாராவது இதைப் பாத்தா, தயவுசெஞ்சு எழுதுங்க.