பாலத்தின் மேல் ஏறிய கோயில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறிய இருட்டறை வைத்துக்கொண்டு, 120 என்று சொல்லப்படும் அகலச் சுருள் ஃபிலிமில் படம் எடுத்து, நானே கழுவிப் பார்க்கிற பழக்கம் உடையவன் நான். சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன், ஒரு காலை நேரத்தில் சுலோசனா முதலியார் பாலத்தைப் படம் எடுத்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றி அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்திக்கொண்டு, குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலை எடுத்தேன். மறுநாள் கழுவிய ஃபிலிமை உலரத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, பாலத்தின் கடைசி வளைவின் மேல் கோயில் மண்டபத்தின் ஓரம் ஏறி உட்கார்ந்திருந்தது. பழைய இரட்டை லென்ஸ் கேமரா வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் கோளாறைக் கண்டிருப்பார்கள். காரணத்தை நான் எப்படித் தேடிப் பிடித்தேன் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

சிறிய 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் இரு ஓரங்களிலும் துளைகள் உண்டு. பற்சக்கரம் எட்டுத் துளைகளைக் கடந்தால் ஒரு படம் நகர்ந்துவிட்டது என்று கேமராவுக்குத் தெரியும். 1901-இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த 120 ஃபிலிமில் துளையே கிடையாது. கருப்பு முதுகுத்தாளோடு சேர்த்துச் சுற்றப்பட்டு, ஸ்பூல் என்னும் சுருள்கட்டை ஒன்றிலிருந்து மற்றொரு ஸ்பூலுக்குப் போகும் நீண்ட நாடா அது. அதில் 56 மில்லிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு படங்களை, இடையில் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கேமரா தானே அளந்து வைக்கவேண்டும். பழைய பெட்டிக் கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை: பின்புறத்துச் சிவப்பு ஜன்னலில் முதுகுத்தாளின் எண் வரும்வரை நாமே சுற்றினோம், தவறு நேர்ந்தால் அது நம் கண்ணின் தவறு. தானாக நிற்கும் கேமராக்களோ இரண்டு வகையாக அளக்கின்றன. ஒரு வகையில், ஃபிலிமின் மீது உராய்ந்து சுழலும் உருளை ஒன்று, கடந்துபோன நீளத்தை அளக்கிறது. மற்றொரு வகை நீளத்தை அளப்பதில்லை. ஃபிலிமை வாங்கிக்கொள்ளும் ஸ்பூல் எவ்வளவு சுற்றியது என்பதை மட்டும் பார்க்கிறது.

இந்த வேறுபாட்டை அறியாமல் கோளாறு தேடுவது வீண் வேலை. உருளை அளக்கும் கேமராவில் உருளை வழுக்கினால், கேமரா குறைவாகவே அளந்ததாக எண்ணிக்கொண்டு மேலும் ஃபிலிமை இழுக்கும். இடைவெளி அகன்று, பன்னிரண்டாவது படத்துக்கு இடமில்லாமல் போகும். ஸ்பூல் சுற்றைப் பார்க்கும் கேமராவில், கைப்பிடியோடு சேர்ந்து சுழன்று ஸ்பூலைத் திருப்பும் சாவி சுற்றியும் ஸ்பூல் சுற்றாமல் வழுக்கினால், ஃபிலிம் பின்தங்கி, படத்தின் மேல் படம் விழும். வழுக்கல் என்னவோ ஒன்றுதான், விளைவுதான் நேர் எதிர். என்னுடையது இரண்டாம் வகை.

இதையெல்லாம் நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நண்பர் ஒருவர் 'கியர் தேய்ந்திருக்கும்' என்று சொல்ல, அன்று மாலையே பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இரண்டு திருகுகளின் தலையைச் சிதைத்ததுதான் மிச்சம். தேரி மணலோ திருச்செந்தூர்க் கடற்கரை மணலோ உள்ளே போயிருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. கியர்ப் பற்களும் கூர்மையாகவே இருந்தன.

பிறகுதான் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து, அளவுகோலால் ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து தாளில் எழுதினேன். முதல் மூன்று இடைவெளிகள் ஆறு, ஆறு, ஏழு மில்லிமீட்டர். நான்காம் படத்தின் மேல் ஐந்தாம் படம் ஒன்பது மில்லிமீட்டர் ஏறியிருந்தது. அதன்பின் மீண்டும் ஆறு, ஆறு, ஏழு. பின்தங்கிய அந்த நீளம் முழுவதும் வால் பக்கத்தில் வெற்று ஃபிலிமாக மிஞ்சிக் கிடந்தது. ஆக, ஒரே ஓரிடத்தில்தான் வழுக்கல்.

இடைவெளிகள் படிப்படியாகக் குறைந்துகொண்டே போயிருந்தால் காரணம் வேறாக இருந்திருக்கும். வெற்று ஸ்பூலின் தண்டு மெலிந்தது. ஆகையால் முதல் படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று தேவைப்படும், ஃபிலிமும் தாளும் ஏறித் தடித்தபின் கடைசிப் படத்துக்கு ஏறக்குறைய ஒரு சுற்றே போதும். இந்தக் கணக்கைக் கேமராவில் படங்களை எண்ணும் எண்ணிச் சக்கரத்திலேயே வடிவமைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கொண்ட தடிமனைவிட இன்றைய ஃபிலிமும் தாளும் மெல்லியதாக இருந்தால், ஸ்பூல் எதிர்பார்த்த அளவு பருக்காமல் பிற்பகுதிப் படங்கள் நெருங்கும். அதற்கு, வாங்கும் ஸ்பூலின் தண்டில் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை இரண்டு சுற்று ஒட்டினால் இடைவெளி கூடும். எளிய வைத்தியம்தான், ஆனால் என் நோய் அது அன்று.

என்னைக் குழப்பியது இன்னொன்று. அடுத்த இரண்டு ரோல்கள் குறையில்லாமல் வந்தன, மூன்றாவதில் மறுபடியும் படம் ஏறியது. கேமராவில் கோளாறு இருந்தால் அது இப்படி விடுமுறை எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ரோலுக்கும் மாறுவது எது என்று யோசித்தபோதுதான் ஸ்பூல் நினைவுக்கு வந்தது. 120 கேமராவில் காலியான ஸ்பூலே அடுத்த ரோலை வாங்கும் ஸ்பூல் ஆகிறது. கடையில் கழுவக் கொடுப்பவரின் ஸ்பூல் ஃபிலிமோடு போய்விடும். நானோ வீட்டில் கழுவுகிறவன். மிஞ்சும் ஸ்பூல்களை மேசை டிராயரில் போட்டுவைத்து, கையில் அகப்பட்டதை எடுத்து மாட்டுவேன்.

டிராயரில் இருந்த ஒன்பது ஸ்பூல்களுக்கும் எண் எழுதி, இரு முனைகளிலும் அடையாளமிட்டு, ஒவ்வொன்றாகச் சாவியில் பொருத்தி, விரலால் ஸ்பூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெல்லச் சுற்றினேன். ஆறாம் எண் ஸ்பூலின் ஒரு முனையில் மட்டும், சாவி பதியும் பள்ளத்தின் விளிம்பு சிதைந்திருந்தது. இறுக்கிப் பிடித்தால் சாவி 'கடக்' என்று ஏறிக் குதித்தது. மறுமுனையைத் திருப்பிப் பொருத்தினால் ஒரு குறையும் இல்லை. அந்த ஸ்பூல், அதிலும் அந்த முனை, கையில் வந்த நாளில் மட்டும் பாலத்தின் மேல் கோயில் ஏறியது.

வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். காலாவதியான ரோல் ஒன்றைப் பலிகொடுத்து, பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே சுற்றிப் பார்க்கலாம். ஆனால் பல கேமராக்களில் மூடியைத் திறந்ததும் எண்ணிச் சக்கரம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும், மூடி அழுத்தும் சிறிய ஊசியை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முதுகுத்தாளின் அம்புக்குறியைக் கேமராவின் புள்ளியோடு சேர்க்கும்போது தாள் தளர்ந்திருக்கக் கூடாது. 1937-இல் வந்த ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமாட் போன்ற கேமராக்களுக்கு அம்புக்குறி தேவையில்லை. ஃபிலிம் தொடங்கும் தடிப்பை உருளைகளே உணர்ந்துகொள்ளும். தாளை அந்த உருளைகளுக்கு இடையில் நுழைக்க மறந்தால், ரோல் முழுவதும் எங்கும் நில்லாமல் ஓடி முடிந்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று பதறவேண்டியதில்லை. குற்றாலச் சாரலில் எடுப்பவர்கள் ரோலின் உறையைக் கடைசி நேரத்தில் பிரிப்பது நல்லது, ஏனெனில் முதுகுத்தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஆறாம் ஸ்பூலை நான் தூக்கியெறியவில்லை. சிதைந்த முனையில் சிவப்பு நூல் கட்டி, இருட்டறைக் கதவின் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். குறுக்குத்துறைக் கோயிலை மறுபடியும் எடுக்கப் போனபோது ஆற்றில் வெள்ளம் வந்து கோயில் மூழ்கியிருந்தது; தண்ணீர் வடியக் காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.