போலீஸ் வரும்வரை யார் காவல்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டெக்சாஸ் வெயிலுக்கு அஞ்சாமல் வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

"அமெரிக்காவில் குடும்பத்துக்குக் காவல் போலீஸா, வீட்டுத் துப்பாக்கியா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், "வரி கட்டுகிறோம், அவசர எண் 911 இருக்கிறது, அப்புறம் எதற்கு வீட்டில் ஆயுதம்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். அந்த வரிப்பணம் எதற்கு உத்தரவாதம் தருகிறது என்று முதலில் பார்ப்போம்.

1999, கொலராடோவின் காசில் ராக். பிரிந்திருந்த கணவர் நெருங்கக்கூடாது என்ற நீதிமன்றத் தடை உத்தரவைக் கையில் வைத்திருந்த ஒரு தாய், இரவெல்லாம் திரும்பத் திரும்பப் போலீஸை அழைத்தார். அந்தக் கணவர் தூக்கிக்கொண்டு போன மூன்று பெண் குழந்தைகளும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு: அந்த உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே ஆகவேண்டும் என்று கேட்க அவருக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை. அதற்கு முன்பே, 1981-ல், வாஷிங்டன் டி.சி. நீதிமன்றமும் போலீஸின் கடமை பொதுமக்கள் மொத்தத்துக்குத்தான், தனி ஒருவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. போலீஸ்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் யார் கணக்கு என்றுதான் கேட்கிறேன்.

வந்த பிறகு என்ன ஆகிறது? எஃப்.பி.ஐ.யின் 2019 கணக்குப்படி வீடு புகுந்த திருட்டு வழக்குகளில் துப்புத் துலங்கியது நூற்றுக்குச் சுமார் 14. கொலை வழக்குகளிலேயே 61-தான்.

நம்மவர்கள் விஷயம் தனி. 2011 முதல் 2014 வரை ஒரு கும்பல் ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, ஆட்கள் இருக்கும்போதே ஆயுதத்தோடு வீட்டுக்குள் நுழைந்தது. நம் அலமாரியில் நகை இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நகை போனால் இன்சூரன்ஸ் தரும் என்கிறீர்களா? வழக்கமான வீட்டுப் பாலிசியில் நகைத் திருட்டுக்கு உச்சவரம்பு பெரும்பாலும் 1,500 டாலர். தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால் தாலிக்கொடிக்கே காணாது. வங்கி லாக்கரில் வைத்தாலும் வங்கி வைப்புப் பணத்துக்கான எஃப்.டி.ஐ.சி. காப்பீடு லாக்கருக்குள் இருப்பதற்குக் கிடையாது.

உடனே எதிரணி குதிக்கும்: "அப்போ நகைக்காக ஆளைச் சுடலாமா?" கூடாது! டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42 இரவுத் திருட்டில் சில நிபந்தனைகளோடு பொருளுக்காகவும் சுட அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நிபந்தனைகள் இருந்தனவா என்று பிறகு முடிவு செய்யப்போவது கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு. அதுவரை வக்கீல் செலவு பல்லாயிரம் டாலர். கணக்குப் பார்க்கிற கட்சி எங்கள் கட்சி, நடுவர் அவர்களே. ஓடுகிறவன் முதுகில் டிவி இருக்கிறதா, போகட்டும். படுக்கையறைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறானா, அது வேறு.

பணம் என்றதும் எல்லோரும் துப்பாக்கி விலையைக் கேட்கிறார்கள். நல்ல 9 எம்.எம். கைத்துப்பாக்கி சுமார் 500, 600 டாலர், அதோடு முடிவதில்லை. துப்பாக்கியைப் பூட்டி வைக்க, சட்டென்று திறக்கும் பெட்டிக்கு 150 முதல் 300. பயிற்சி வகுப்புக்கு நூறு, இருநூறு. பயிற்சித் தோட்டா 50 உள்ள பெட்டி சுமார் 15 டாலர். மாதம் இரண்டு பெட்டி என்றால் வருடத்துக்கு 360. இரண்டாவது துப்பாக்கி வாங்கி அலமாரியில் அழகு பார்ப்பவரைவிட, ஒன்றை வைத்துக்கொண்டு மீதிப் பணத்தைத் தோட்டாவாகச் செலவழிப்பவர்தான் தன் வீட்டைக் காக்கிறவர்.

வீட்டுக்கு வைப்பது ஹாலோ பாயிண்ட் தோட்டா. உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், சுடும் முழு உலோக உறைத் தோட்டா ஆளைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். ஆனால் குறி தவறினால் ஹாலோ பாயிண்டும் இங்குள்ள ஜிப்சம் சுவர்களில் இரண்டு மூன்றைத் தாண்டிவிடும். ஆகவே பிள்ளைகளின் கட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். சில துப்பாக்கிகளில் ஹாலோ பாயிண்டின் மழுங்கிய மூக்கு சேம்பர், அதாவது சுடத் தயாராகத் தோட்டா ஏறி நிற்கும் அறையின் வாயில் சிக்கும். உங்கள் துப்பாக்கியிலேயே சில பெட்டிகள் சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. இன்னொன்று, ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் குண்டு உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். சுடும்போது அழுத்தம் எகிறும். பழைய தோட்டாவுக்குப் பக்கத்தில் புதிது ஒன்றை நிறுத்தி வைத்து உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டு விபத்துகளில் பழகிப்போன ஒரு தவறு, காலி செய்யும் வரிசை. முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுக்க வேண்டும், பிறகு துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், இழுத்ததும் ஒன்று வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறும். அப்புறம் மேகசினை உருவிவிட்டு "காலி" என்று நினைப்பார். கழற்றித் துடைப்பதற்கு ட்ரிகரை அழுத்த வேண்டிய மாடல்களும் உண்டு. அங்கேதான் வெடிக்கும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள்.

எதிரணிச் சகோதரி ஒரு புள்ளிவிவரம் சொன்னார்: 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை. எண் சரி. அதை மறைக்கிற துப்பாக்கிக்காரரை நானும் நம்பமாட்டேன். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு என்றால் அன்றைக்கே துப்பாக்கி வெளியே போகவேண்டும், நம்பிக்கையான நண்பர் பெட்டிக்கு. ஆனால் அதே சகோதரி, தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்படுவதே இல்லை என்றாரே? எங்கள் ஆட்கள் சிலர் சொல்லும் வருடத்துக்கு 25 லட்சம் எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. குற்றத்துக்கு ஆளானவர்களிடம் அரசு எடுக்கும் கணக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே நிற்கிறது. சின்ன எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை ஆயிரம் பேரிடம் போய், போலீஸுக்காகக் காத்திருந்திருக்கலாமே என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கைதட்டிய எச்-1பி வேலை விசாத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அவசரப்படாதீர்கள். உங்களைப் போன்ற குடியேற்றமில்லா, தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் கஞ்சா பற்றிய கேள்விக்கு, உங்கள் மாநிலம் அனுமதித்தாலும், மத்தியச் சட்டப்படிதான் பதில்.

நடுவர் குறுக்கிட்டு, "ராத்திரி கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டால் என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே அறைக்கு வரவேண்டும், கதவைப் பூட்டவேண்டும், மனைவி 911-ஐ அழைத்து இணைப்பைத் துண்டிக்காமலே இருக்கவேண்டும். கட்டிலுக்குப் பின்னால் நின்று, கதவைப் பார்த்து, "போலீஸ் வருகிறது, துப்பாக்கி இருக்கிறது" என்று உரக்கச் சொல்லவேண்டும். வீடு முழுக்கத் தேடிப் போகக்கூடாது. விடுதியிலிருந்து சொல்லாமல் வந்த மகனாகவும் இருக்கலாம். டார்ச் அடித்து முகம் பார்க்காமல் விரல் ட்ரிகருக்குப் போகக்கூடாது. போலீஸ் வாசலுக்கு வந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டவேண்டும், ஏனென்றால் அந்த இருட்டில் யார் வீட்டுக்காரர், யார் திருடன் என்று அவர்களுக்குத் தெரியாது. சுட்டிருந்தால், "தாக்கினான், தற்காத்தேன், வக்கீலோடு பேசுகிறேன்." அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.