கடற்காற்று ஊரில் பேஸ் கிட்டார் செய்விக்கும்போது

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, தேவாலய இசைக்குழுவுக்கு ஐந்து தந்திப் பேஸ் கிட்டார் ஒன்று சொல்லிச் செய்விக்கப் போகிறேன். உடலுக்குத் தேக்கா, மகோகனியா, பலாவா? மற்றச் சாமான்கள் எப்படி?"

தம்பி, உடலைவிடக் கழுத்தைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். தந்திகள் எல்லாம் சேர்ந்து எண்பது கிலோ அளவில் அந்தக் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நான் முதலில் செய்த கழுத்துக்கு மார்கழி மழையில் மரக்காலையில் வாங்கிய ஈரப் பலகையைப் போட்டுவிட்டேன். ஆடியில் கச்சான் காற்று அடித்ததும் பலகை சுருங்கி, விரல்பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் நுனிகள் வெளியே வந்து கையை அறுத்தன. கழுத்தும் முறுகிவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் பலகையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையைப் பென்சிலால் அதிலேயே எழுதி வையுங்கள். வாராவாரம் நிறுக்க வேண்டும். நிறை குறைவது நின்ற பிறகுதான் அறுக்க வாளை எடுக்கலாம். பழைய வீடு உடைத்த இடத்தில் நிலை, வளை மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, அது எப்போதோ காய்ந்துவிட்டது. பலகையின் வெட்டு முகத்தைப் பாருங்கள்: வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கிற துண்டுதான் கழுத்துக்கு. ஒரே துண்டாக இல்லாமல் மூன்று, ஐந்து கீற்றுகளாக ஒட்டினால் முறுக்கு குறையும். உள்ளே ட்ரஸ் ராட், அதாவது கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி, கட்டாயம்.

சரி, உடல். மகோகனி நல்லது, செதுக்க இலகு. பலாவும் சரி, வீணைக்குப் போடுகிற மரம்தானே. தேக்கில் எண்ணெய் இருக்கும், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. முதிரையில் உடல் செய்யாதீர்கள், ஆராதனை முடிவதற்குள் தோள் கழன்றுவிடும். விரல்பலகைக்கு முதிரைத் துண்டு அருமை. சத்தத்தைப் பொறுத்தவரை, உடல் மரத்தைவிட, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் அது இருக்கிற இடமும்தான் அதிகம் மாற்றும் என்பது என் கருத்து.

எல்லாவற்றிலும் தடித்த ஐந்தாவது தந்தி 31 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. வழக்கமான 34 அங்குல ஸ்கேலில் (தந்தி அதிரும் நீளம்) அது சிலவேளை தொளதொளவென்று இருக்கும், கை எட்டுமென்றால் 35 எடுங்கள். கழுத்து கீழே சாயாமலிருக்க, தந்தியை முறுக்கும் டியூனர்களை எடை குறைந்ததாகப் போடுங்கள். மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை நீளட்டும், வார்ப்பட்டி அங்கே மாட்டவேண்டும்.

நம் ஊரில் உப்புக்காற்று திருகாணியைத்தான் முதலில் தின்னும். உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு தந்தியும் அமரும் சேடிலின் திருகாணி துருப்பிடித்தால் தந்தி உயரத்தை மாற்றவே முடியாது. அந்தச் சின்னத் திருகாணிகளையும் ஃப்ரெட் கம்பியையும் துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரப் பகுதி இலகு. ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250கே பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி), இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500கே. உட்குழி முழுக்கச் செப்புத்தாள் ஒட்டி, தாளையும் எர்த் வயரையும் சேர்த்துச் சோல்டர் பண்ணுங்கள், மண்டபத்து லைட்டுகளின் இரைச்சல் நன்றாகக் குறையும். உள்ளேயே சைகையைப் பெருக்கும் ஆக்டிவ் ப்ரீஆம்ப் போட்டால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளைச் செருகியபடியே விட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். பேட்டரி ஆராதனை நடுவில் இறங்கினாலும் வாசிக்க, பேட்டரி இல்லாமல் ஓடும் பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்றையும் இப்போதே கேட்டு வையுங்கள்.