லாம்டாவை முதலில் கவனியுங்கள்

வணக்கம். இன்று ஒரே ஒரு எண்ணோடு மல்லுக்கட்டப் போகிறோம்: லாம்டா, அதாவது அளவீட்டில் கலந்திருக்கும் இரைச்சலின் வேரியன்ஸ் (எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு).

ஸ்பார்ஸ் பேய்சியன் முறை, அளவீடுகளை ஓர் அணியின் சில நிரல்களின் கூட்டாக விளக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு நிரலையும் பெருக்கும் எண்தான் கெழு; பெரும்பாலான கெழுக்கள் பூச்சியம். ஒவ்வொரு கெழுவுக்கும் ஒரு காமா, அதாவது அதற்கான வேரியன்ஸ், உண்டு. அந்தக் கெழு பூச்சியத்தைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. 2001-இல் ஆய்வாளர் மைக்கேல் டிப்பிங் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான முறை இது. காமாக்களைத் தரவிலிருந்தே கணக்கிடுகிறோம். அவற்றின் மேல் வைக்கும் முன்பரவலின் (தரவைப் பார்க்கும் முன்பே வைக்கும் ஊகத்தின்) அளவுருவுக்கு 0.0001 போடுவதா, 0.000001 போடுவதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சிக்னலின் அளவு 1-ஐ ஒட்டி இருந்தால் விடை பெரிதாக மாறாது, விட்டுத்தள்ளுங்கள்.

லாம்டா அப்படியல்ல. திரையைப் பாருங்கள். அணியின் நிரல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து, நீளம் 1 என்று வைத்துக்கொள்வோம். அப்போது காமாவின் சிறந்த மதிப்பு, அளவீட்டின் வர்க்கத்திலிருந்து லாம்டாவைக் கழித்தது; கழித்தால் எதிர்மறை வந்தால் பூச்சியம். அந்தக் காமாவை அளவீட்டால் வகுத்தால் கெழு. அளவீடு 0.9 என்றால் வர்க்கம் 0.81. லாம்டா 1 என்றால் அந்தக் கெழு அங்கேயே செத்துவிடுகிறது. லாம்டாவை 0.5 ஆக்குகிறேன்: கெழு 0.34. 0.25 ஆக்கினால் 0.62. அதே தரவு, அதே முறை! இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பையே இந்த எண் எழுதுகிறது.

"அதையும் தரவிலிருந்தே கற்கலாமே" என்பீர்கள். சூத்திரம் இருக்கிறது, ஆனால் அளவீடுகளைவிட நிரல்கள் அதிகமானால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிரல்களுக்குள் அலகு அணி முழுதாக இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அந்தக் காமாக்கள் எல்லாம் சமமாக இருந்தால் அவை உருவாக்கும் கோவேரியன்ஸும் (அளவீடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் விதம்) இரைச்சலின் கோவேரியன்ஸும் அச்சு அசல் ஒரே வடிவம். எது சிக்னல், எது இரைச்சல் என்று தரவால் சொல்லவே முடியாது. லாம்டா சரிந்து, இரைச்சல் முழுவதும் கெழுக்களாக வேடம் போட்டு வந்து நிற்கும்.

அதனால் நான் சிக்னல் இல்லாத நேரத்தில் சென்சாரின் பதிவை எடுத்து, அதன் வேரியன்ஸையே லாம்டாவாக நிறுத்திவிடுகிறேன். அந்த வசதி இல்லையென்றால் சில மதிப்புகளை வைத்து ஓட்டி, ஒதுக்கிவைத்த அளவீடுகளை எது நன்றாகக் கணிக்கிறது என்று பார்ப்பேன்.

இன்னொன்று. சிறிய காமாக்களை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ஈஎம் முறையில் (காமாக்களைச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும் வழி) பூச்சியமான காமா மறுபடி எழாது. தொடக்கத்தில் வெட்டும் வரம்பை மிகத் தாழ்வாக வையுங்கள், ஓட்டம் நிதானப்பட்ட பிறகு உயர்த்துங்கள். இதை ஓட்டும் கோட் கோப்பு கீழே இருக்கிறது. முதலில் லாம்டாவை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.